முன்னால் நடந்து போனவன்

உச்சிப் பொழுது. பெங்களூர் சாலை. இரண்டு பக்கமும் புளியமரங்கள்... ஒரு இலை அசையவில்லை. கண்ணுக்கு எட்டிய தூரம்வரை ஒரு வண்டி கிடையாது, ஒரு மனுஷன் கிடையாது.

ஆமாம், பகல்தான். பேய் என்றால் ராத்திரிதான் வரும் என்று உங்களுக்கு யார் சொன்னது? இது கொளுத்துகிற வெயிலில் நடந்தது. நான் ராத்திரியில் சொல்கிறேன், அவ்வளவுதான். கிட்டே வந்து உட்காருங்கள். அந்த ஜன்னலைச் சாத்திவிடுங்கள்... காற்றில் அடித்துக்கொண்டே இருக்கிறது.

ஐயப்பன்தாங்கல் டிப்போவில் கண்டக்டராக இருக்கிறானே சம்பத், அவனுடைய பெரியப்பாவுக்கு நடந்தது. பெயர் வரதன். அம்பத்தூர் மேனாம்பேட்டுக்காரர். வெள்ளைக்காரன் ஆண்டுகொண்டிருந்த காலம், யுத்தம் இன்னும் ஆரம்பிக்கவில்லை. அவருக்கு அப்போது வாலிப வயசு. அதனால் அவன், இவன் என்றே சொல்கிறேன். சம்பத் கோபித்துக்கொள்ள மாட்டான்.

வரதனுக்கு உயிர்ச் சிநேகிதன் ஹுமாயூன். பூந்தமல்லியில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தான். கடையில் இருந்த சைக்கிளெல்லாம் கறுப்பு. அவன் ஓட்டுகிறது மட்டும் பச்சை. தானே பெயிண்ட் அடித்துக்கொண்டான். ரொம்ப நாளாக அவனுக்கு ஓர் ஆசை. சைக்கிளிலேயே பெங்களூர் போய்த் திரும்ப வேண்டும். வரதன் சரி என்றான். நசரத்பேட்டை கங்காதரன் ஒருவன், துலுக்கானம் என்று ஒருவன். இந்தத் துலுக்கானம் நெல் மூட்டையை ஒற்றை ஆளாகத் தூக்கி வண்டியில் போடுவான். ஆக நாலு பேர். சித்திரை மாசம் கிளம்பினார்கள்.

ஹுமாயூனுக்குத் தாய் தகப்பன் இல்லை. பெண்டாட்டி ஜுபைதா மட்டும். நிக்காஹ் ஆகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. கிளம்புகிற அன்று அவள் வாசலில் நின்று வரதனைத்தான் கூப்பிட்டாள்.

"அண்ணே, அவரு வெயில் தாங்க மாட்டாரு. பாத்து இட்டாந்துடுங்க."

"நான் இட்டாரேன் தங்கச்சி. நீ கவலப்படாத."

போகும்போது ஒரு குறையும் இல்லை. சத்திரத்தில் படுத்தார்கள், ஆற்றில் குளித்தார்கள், பஞ்சர் ஆனால் ஹுமாயூன் ஒட்டினான். பெங்களூரில் குளிரில் நாலு பேரும் ஒரே ஜமக்காளத்துக்குள் சுருண்டு படுத்துச் சிரித்தார்களாம். திரும்பி வருகிறபோதுதான்... பாலாற்றுக்கு இந்தப் பக்கம் ஓர் ஊர். பெயர் சம்பத்துக்குத் தெரியவில்லை. ஊருக்குள் நுழையும்போதே சுண்ணாம்புத்தூள் வாசனை, பினாயில் வாசனை. வாசலுக்கு வாசல் வேப்பிலை செருகியிருந்தது. களைப்பில் யாரும் அதை நினைத்துப் பார்க்கவில்லை. சத்திரத்தில் படுத்தார்கள்.

பொழுது சாய்ந்ததும் ஹுமாயூனுக்கு வாந்தி எடுத்தது. பிறகு பேதி. பிறகு இரண்டும் நிற்கவே இல்லை.

காலரா ஆளை எப்படித் தின்னும் தெரியுமா? பார்த்துக்கொண்டிருக்கும்போதே கண் உள்ளே போய்விடும். விரல் நுனியெல்லாம் ஊறின மாதிரி சுருங்கிவிடும். குரல் போய்விடும். தாகம் மட்டும் போகாது.

"மச்சான்... தண்ணி..."

அந்தக் காலத்தில் எல்லோரும் நம்பினது இது. வாந்திபேதிக்காரனுக்குத் தண்ணீர் கொடுத்தால் ஆள் பிழைக்க மாட்டான். சத்திரத்தில் இருந்தவர்கள் அத்தனை பேரும் அதையேதான் சொன்னார்கள். இன்றைக்குச் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும், தண்ணீர் கொடுத்திருக்க வேண்டும் என்று. அன்றைக்கு வரதனுக்கு யார் சொல்வது? அவன் சிநேகிதனுடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். சுவரோரம் செம்பு நிறைய தண்ணீர் இருக்கிறது. ஹுமாயூன் அதையே பார்க்கிறான்.

"ஒரு முழுங்கு... ஒரே ஒரு முழுங்கு குடுறா..."

"விடியட்டும்டா. விடிஞ்சா நல்லாயிடும். இப்ப குடிச்சா செத்துப் பூடுவேடா."

ஈரத்துணியால் உதட்டைத் துடைத்தான். அந்தத் துணியை ஹுமாயூன் பல்லால் கடித்துப் பிடித்துக்கொண்டான். உறிஞ்சினான். வரதன் அதையும் இழுத்துக்கொண்டான்...

கோழி கூப்பிடுவதற்கு முன்னால் முடிந்துவிட்டது.

காலராவில் போனவனை ஊருக்கு எடுத்துப் போக விடமாட்டார்கள். அந்த ஊர்ப் பள்ளிவாசல்காரர்கள் நல்லவர்கள். முன்பின் தெரியாதவனைக் குளிப்பாட்டி, வெள்ளைத் துணி சுற்றி, தொழுகை நடத்தி, தங்கள் மண்ணிலேயே அடக்கம் செய்தார்கள். வரதன் தோள் கொடுத்தான். மற்றவர்களோடு சேர்ந்து குழிக்குள் மண் தள்ளினான். ஒருவர் அவன் முதுகைத் தட்டி, "ஊட்டுக்குப் போய்ச் சொல்லணும் தம்பி. லேட் பண்ணாதீங்க" என்றார்.

கிளம்பினார்கள். மூன்று பேர், நாலு சைக்கிள்.

காலி சைக்கிளைக் கூடவே ஓட்டிக்கொண்டு போயிருக்கிறீர்களா? ஒரு கையில் நம் சைக்கிள், மறு கையில் அதன் ஹேண்டில்பார். ஆள் உட்காராத சைக்கிள் நேராகப் போகாது. முன்சக்கரம் மடங்கும். பெடல் முழங்காலுக்குக் கீழே இடிக்கும். பச்சை சைக்கிளை வரதன் அப்படித்தான் பிடித்துக்கொண்டு வந்தான். கப்பி ரோட்டுக் குலுக்கலில் அதன் மணி தானாக அடிக்கும். டிங்... ஒவ்வொரு தடவையும் வரதன் திரும்பிப் பார்ப்பான். சீட்டு காலியாக இருக்கும். 'ஏதாவது சொல்லுடா' என்று உள்ளுக்குள் கேட்டுக்கொண்டே வந்தானாம். ஒன்றும் இல்லை. வெறும் இரும்பு.

ஓச்சேரி தாண்டி, ஒரு தண்ணீர்ப் பந்தல். கோடையில் வழிப்போக்கர்களுக்கு வைப்பார்களே, அதுதான். நான் முதலில் சொன்னேனே உச்சிப் பொழுது, அது இந்த இடம். கெங்கம்மாள் என்று ஓர் அம்மாள் காலியான மண் மொடாவை அலம்பி வைத்துவிட்டு, புதிதாகத் தண்ணீர் மொண்டுவந்து ஊற்றிக்கொண்டிருந்தாள். இவர்களைப் பார்த்ததும் நிமிர்ந்தாள்.

"வாங்கப்பா. நீங்கதானா அது? வருவாங்கன்னு சொல்லிட்டுத்தான் போனாரு."

"யாரும்மா?" என்றான் கங்காதரன்.

"ஒரு ஆளு. பொழுது ஏறச்சொல்ல வந்தாரு. செருப்பு இல்ல, சட்ட இல்ல. வெள்ளத் துணியப் போத்திகினு நடந்து வந்தாரு. இன்னாப்பா, இந்த வெயில்ல குளுருதான்னு கேட்டேன். தண்ணி தண்ணின்னாரு. பின்னாடி என் சேக்காளிங்க வருவாங்க, அந்தப் பச்ச சைக்கிளு என்னுதுன்னாரு."

துலுக்கானம் மெதுவாகக் கீழே உட்கார்ந்தான்.

"இந்த மொடா முழுக்க அவரே குடிச்சாரு. குடிச்சிகினே கீறாரு... கீழ பாத்தா, நின்ன எடம் பூரா சேறு. ஒரு சொட்டு உள்ள நிக்கல போலக்கீது. அப்பிடியும், தாகம் அடங்கலம்மான்னு அழுதாரு."

பந்தலுக்கு முன்னால் மண் இன்னும் ஈரமாகத்தான் இருந்தது. அந்த வெயிலில்... ஈர மண் வாசனையோடு லேசாகப் பினாயில் வாசனை.

கங்காதரன் வரதனின் சட்டையைப் பிடித்து ஓரமாக இழுத்தான். "வேற எவனாவது இருக்கும்டா. நம்ம கையாலதான மண்ணு தள்ளினோம்!"

"நாம்ப சைக்கிள எடுத்துகினு வந்துட்டோம்டா" என்றான் வரதன். "அதான் நடந்து போறான்."

"பைத்தியமா உனக்கு? வா, இங்கியே எங்கனா தங்கிட்டு நாளைக்குப் போலாம்."

வரதன் காதில் அது விழவில்லை. பையிலிருந்து செம்பை எடுத்தான். மொடாவில் முக்கி, தளும்பத் தளும்ப எடுத்து, செம்பின் வாய்க்குத் துணி கட்டினான். பச்சை சைக்கிளைத் துலுக்கானத்தின் கையில் கொடுத்தான்.

"இத நீ இட்டுகினு வா. நான் அவனப் புடிக்கணும். தண்ணி கேட்டான்டா. நான் குடுக்கல."

ஒரு கையில் செம்பு, ஒரு கையில் ஹேண்டில்பார். மிதித்தான் பாருங்கள்... ராத்திரி முழுக்க கண் மூடாதவன், வயிற்றில் ஒரு பருக்கை இல்லாதவன். மற்ற இரண்டு பேருக்கும் பின்னாலேயே வருவதைத் தவிர வேறு வழியில்லை. தனியாக நிற்கப் பயம்.

சுங்குவார்சத்திரத்துக்கு அருகே ஒரு மாட்டு வண்டி. மாடு இரண்டையும் அவிழ்த்து மரத்தடியில் நிறுத்தி, வண்டிக்காரர் தடவிக் கொடுத்துக்கொண்டிருந்தார். வரதன் கேட்பதற்கு முன்னால் அவரே பார்த்துவிட்டார், பின்னால் வருகிற பச்சை சைக்கிளை.

"ஓ... அந்த ஆளோட சேக்காளிங்களா? பாவம், நடக்க முடியல, ஏத்திகினு போன்னான். ஏத்தினேன். ஏறி உக்காந்ததும் மாடு ரெண்டும் கால மடக்கிகினு படுத்துக்கிச்சு. அடிச்சாலும் எயுந்துக்கல. வாயில நுரை. வாயில்லா ஜீவன அடிக்காதண்ணான்னு சொல்லிட்டு அவனே எறங்கிட்டான். எறங்கினதும்தான் மாடு எயுந்துச்சு." அவர் கீழே பார்த்துக்கொண்டு, "வண்டிப் பலகை ஈரம் இன்னும் காயல" என்றார்.

"எவ்ளோ முன்னாடி போனான்?"

"இப்பதாம்பா."

எங்கே கேட்டாலும் இதே பதில். இப்பதான்... இப்பதான் போனாரு. நடந்து போகிறவன். சைக்கிளில் துரத்துகிறார்கள். பிடிக்க முடியவில்லை.

ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டினார்கள். வெயில் சாயத் தொடங்கியது. செம்பரம்பாக்கம் வந்ததும் ஏரிக்காற்று முகத்தில் அடித்தது. சேற்று வாசனை, மீன் வாசனை. அங்கேதான் வரதன் பார்த்தான்.

தூரத்தில், சாலை திரும்புகிற இடத்தில், வெள்ளையாக ஒன்று. கானலில் ஆடிக்கொண்டு நடந்து போகிறது. இடது தோள் கொஞ்சம் தாழ்ந்த நடை. அந்த நடையை வரதனுக்குத் தெரியாதா?

"ஹுமாயூனூ! டேய்... நில்லுடா! தண்ணி கொண்டாந்துகீறேண்டா!"

நின்றது.

வரதன் மிதித்தான். செம்பைக் கட்டியிருந்த துணி நனைந்து, தண்ணீர் கையில் வழிகிறது. "இந்தாடா... முழுசா குடிச்சிக்கடா... நான் தெரியாம செஞ்சிட்டேண்டா..." என்று அழுதுகொண்டே மிதிக்கிறான். கிட்டே வந்துவிட்டான். முதுகு தெரிகிறது. துணியின் முடிச்சு தெரிகிறது. காலையில் இவன் கண்ணெதிரே போட்ட முடிச்சு...

அந்த உருவம் திரும்பவில்லை. தலையை மட்டும் ஆட்டியது. மெதுவாக, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக. வேண்டாம் என்று.

எதிரே ஒரு பஸ் வந்தது. புழுதி. புழுதி அடங்கியபோது சாலையில் யாரும் இல்லை.

வரதன் சைக்கிளோடு சாய்ந்தான். செம்பு உருண்டு, தண்ணீரெல்லாம் ரோட்டில் ஓடியது. துலுக்கானமும் கங்காதரனும் வந்து தூக்கினார்கள். "வேணாம்னுட்டாண்டா... என் கையால வேணாம்னுட்டாண்டா..." இதையே சொல்லிக்கொண்டிருந்தானாம். அந்த நெல் மூட்டை தூக்குகிற துலுக்கானம், வரதனைத் தோளோடு அணைத்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி தேம்பினான்.

பூந்தமல்லிக்குள் நுழைகிறபோது மஃரிபு தொழுகைக்குப் பாங்கு சொல்லிக்கொண்டிருந்தார்கள். கடைகளில் விளக்கு ஏற்றுகிற நேரம். ஹுமாயூனின் வீடு பள்ளிவாசலுக்குப் பின் தெரு. தெரு முனையிலேயே மூன்று பேரும் இறங்கி, தள்ளிக்கொண்டு நடந்தார்கள். எப்படிச் சொல்வது? யார் சொல்வது? கங்காதரன் வரதனைப் பார்த்தான். வரதன் தரையைப் பார்த்தான்.

ஜுபைதா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. இவர்கள் வாய் திறப்பதற்குள் விரலை உதட்டில் வைத்தாள்.

"சத்தம் போடாதீங்கண்ணே. தூங்கறாரு."

தெருவில் யாரோ பால் குவளையைக் கழுவுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"கொஞ்சம் மின்னாடிதான் வந்தாரு. கொடத்த அப்பிடியே தூக்கிக் குடிச்சிட்டுப் படுத்துட்டாரு. பேசக்கூட தெம்பில்ல." அவள் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. பச்சை சைக்கிளைப் பார்த்தாள். "கேக்கறேன்னு தப்பா நெனைக்காதீங்க. பாதமெல்லாம் வெடிச்சுப் போய்க் கீது. நடந்தே வந்தாராம். அவர நடக்க வுட்டுட்டு, காலி சைக்கிளத் தள்ளிகினு வரீங்களே... இது ஞாயமாண்ணே? உங்கள நம்பித்தான அனுப்பிச்சேன்?"

வரதன் சுவரைப் பிடித்துக்கொண்டான்.

"போத்தியிருக்கற துணி ஏதுன்னு கேட்டேன். வழியில நல்லவங்க குடுத்தாங்கன்னாரு."

"தங்கச்சி..." என்றான் வரதன். பிறகு சொன்னான். சத்திரம், வாந்தி, விடியற்காலை, அடக்கம். எல்லாவற்றையும் சொன்னான். தண்ணீர் கொடுக்காததையும் சொன்னான்.

முதலில் அவள் நம்பவில்லை. "ஏண்ணே இப்பிடி விளையாடறீங்க?" என்றாள். பிறகு துலுக்கானத்தின் முகத்தைப் பார்த்தாள். அவன் முண்டாசை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டிருந்தான். அதைப் பார்த்ததும் அவள் சிரிப்பு நின்றது. உள்ளே போனாள். கதவைச் சாத்திக்கொண்டாள்.

கங்காதரன் பள்ளிவாசலுக்கு ஓடினான், பெரியவர்களை அழைத்துவர. துலுக்கானம் பச்சை சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, தெரு முனைக்குப் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டான்.

ஆட்கள் வந்து கதவைத் திறந்தபோது, உள்ளே ஜுபைதா மட்டும்தான் இருந்தாளாம். மூலையில் ஒரு பாய், சொட்டச் சொட்ட நனைந்து கிடந்தது. வெள்ளைத் துணி எதுவும் இல்லை. அவள் அழவே இல்லை. "எந்த ஊர்ல வெச்சிருக்கீங்க?" என்று மட்டும் கேட்டாள். புருஷனை இழந்தவள் வீட்டோடு இருக்கவேண்டிய இத்தாக் காலம் முடிந்ததும் தாய்மாமன் வந்து அழைத்துக்கொண்டு போனார். ரொம்ப வருஷம் இருந்துதான் இறந்தாள். அந்த அறைக்குள் என்ன பார்த்தாள், என்ன பேசினாள்... யாரிடமும் சொன்னதில்லை. வரதன் அதற்குப் பிறகு சைக்கிளில் ஏறவில்லை. ஒவ்வொரு சித்திரையும் பஸ் பிடித்து அந்த ஊருக்குப் போவார். சிநேகிதனை அடக்கம் செய்த அந்தக் கபருக்குப் பக்கத்தில் சாயங்காலம்வரை உட்கார்ந்துவிட்டு வருவார்.

ஆனால் நான் ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். கங்காதரன் ஓடினதற்கும் ஆட்கள் வந்ததற்கும் நடுவில், வரதன் அந்த வாசலில் தனியாக நின்றான் அல்லவா? அப்போது நடந்ததை அவர் யாரிடமும் சொன்னதில்லை. படுக்கையில் விழுந்த பிறகு, சம்பத்திடம் மட்டும் சொன்னாராம்.

ஜுபைதா அலறப் போகிறாள், அலறப் போகிறாள் என்று வரதன் காத்துக்கொண்டு நின்றான். அலறல் வரவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் அவள் ஏதோ கேட்கிறாள். மெதுவாக. பிறகு... ஓர் ஆண் குரல். தொண்டை வறண்டு, கரகரத்து.

"வரதன் வெளிய நிக்கறான்ல... அவனுக்கு மொதல்ல தண்ணி குடு. வெயில்ல வந்துகீறான். ஒண்ணும் குடிச்சிருக்க மாட்டான்."

வரதன் அப்படியே மண்டியிட்டுவிட்டான்.

தாழ்ப்பாள் நகர்ந்தது. கதவு ஒரு கை நுழைகிற அளவு திறந்தது. இருட்டிலிருந்து ஒரு செம்பு வெளியே நீண்டது. நிறையத் தண்ணீர். வரதன் இரண்டு கையாலும் வாங்கினான். குடித்தாரா என்று நான் சம்பத்தைக் கேட்டேன். சொட்டு விடாமல் குடித்தாராம். அழுதுகொண்டே, அண்ணாந்து, மூச்சு விடாமல். அப்படி ஒரு குளிர்ச்சியான தண்ணீரை வாழ்நாளில் குடித்ததில்லை என்றாராம்.

குடித்துவிட்டு, "போதும் தங்கச்சி" என்று செம்பைத் திருப்பிக் கொடுக்க நீட்டினான். அப்போதுதான் கதவிடுக்கு வழியாக உள்ளே பார்வை போனது.

சிம்னி விளக்கு எரிகிறது. அறையின் அந்தக் கோடியில், சுவரோடு ஒட்டி, ஜுபைதா உட்கார்ந்திருக்கிறாள். இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு.

காலிச் செம்பை வாங்கிக்கொள்ள, கதவிடுக்கில் அந்தக் கை இன்னும் நீட்டியபடியே இருந்தது.